வன்னியிலே தேவையறிந்த வரலாறு

மாரிமழை ஓய்ந்து, காலபோக நெல் வெட்டிச் சூடடித்து முடிந்து, பங்குனி வெயில் ஏறத் தொடங்கும் வேளையிலே கிளிநொச்சியில் ஆண்டுதோறும் போகக் கூட்டம் என்னும் ஒரு கூட்டம் கூடுவது வழக்கம். இரணைமடுக் குளத்தில் அப்போது எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதை நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து அறிவிப்பார். அந்நீர் எத்தனை ஏக்கர் சிறுபோகத்துக்குப் போதும் என்ற கணக்கையும் கூடவே சொல்வார். அதன்பின் கமக்காரர் பேசத் தொடங்குவர். கணக்குத் தரும் நீர் குறைவாகவும் கேட்போரின் காணி அதிகமாகவும் இருப்பது இயல்பாதலால், வாய்க்காலின் தலைப்பிலே காணியுடையவர் ஒன்று சொல்ல, கடைக்கோடியிலே காணியுடையவர் அதனை மறுக்க, போன முறை விட்டுக்கொடுத்தவர் இம்முறை தம் முறையென்று நினைவூட்ட, வாதம் நண்பகலைத் தாண்டியும் நீளும். கடைசியிலே முதல் நீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கவேண்டிய நாள், விதைக்கத்தக்க நெல்லின் வயது, வேலி அடைக்கும் தவணை, கட்டாக்காலி மாடுகளை அப்புறப்படுத்தும் தவணை, துருசு பூட்டும் நாள் என்பன ஒவ்வொன்றாகத் தீர்மானமாகி எழுத்தில் ஏறும்.

கணினித் துறையிலே 'பிசினஸ் அனலிஸ்ட்' என்ற பெயரால் வழங்கும் உத்தியோகத்தின் சாரமும் இதுவே. ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் செய்யுமுன், அதனைக் கையாளப் போகிறவர்களிடம் சென்று வேண்டியது யாதெனக் கேட்டு, கேட்டதை எழுதி, எழுதியதற்குச் சம்மதம் பெற்று, பின்னர் நேரும் மாற்றங்களுக்கும் கணக்கு வைத்திருப்பவரே அவர். வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்திலோ பயின்று இத்தொழிலை நாடும் மாணவர், தேவைகளை எழுதிவைக்க எந்த மென்பொருளைக் கற்பது என்று கேட்பது நியாயமே. ஆனால் அக்கேள்விக்கு விடைகூறுமுன், இம்மண்ணிலே மனிதரின் தேவையை அறிவதற்கென அடுத்தடுத்து வந்த ஆட்சிகள் கைக்கொண்ட சாதனங்களின் சரித்திரத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பிரயோஜனமானது. ஏனெனில், ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு செவி உண்டு. அது ஒன்றைக் கூர்ந்து கேட்கும், மற்றொன்றை அறவே கேளாது என்ற உண்மை அச்சரித்திரத்திலே தெளிவாகத் துலங்குகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காணிக்கும் தலைக்கும் தோம்பு என்னும் வரிப்பதிவேடு எழுதிய ஒல்லாந்தருக்கு, வன்னி நெடுங்காலம் யானைத் திறை தரும் காடாகவே தோன்றியது. 1780களிலே அதனைத் தம் நேராட்சிக்குள் கொண்டுவந்த பிற்பாடு அங்கு நிர்வாகம் செய்த தோமஸ் நாகெல் என்னும் அதிகாரி 1793இல் வன்னியைப் பற்றி எழுதிய விவரணம் இன்றும் ஆராய்ச்சியாளருக்கு ஆதாரமாக விளங்குகிறது. தோம்பின் செவி வரியைக் கேட்கும் செவி. இன்னாருடைய காணி, இவ்வளவு விஸ்தீரணம், அதிலிருந்து அரசுக்கு இவ்வளவு என்று அது திட்டமாகச் சொல்லும். அக்காணிக்காரனுக்கு எந்த மாதத்திலே எவ்வளவு நீர் வேண்டும் என்பதைச் சொல்ல அதிலே இடமில்லை. குற்றம் எழுதியவனுடையதன்று, வரிக்காக வகுத்த ஏடு வரியையே அறியும்.

ஆங்கிலேயர் வந்தபோது எழுத்தின் வடிவம் மாறிற்று. 1803ஆம் ஆண்டு முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய வன்னித் தலைவன் பண்டார வன்னியனை அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிரிபேர்க் முறியடித்ததைக் கற்சிலைமடுவிலே நாட்டப்பட்ட கல் அறிவித்தது. அந்தக் கல்லும் வென்றவனின் செவியைக் கொண்ட ஒரு பதிவுதான். பின்வந்த நிர்வாகிகள் கல்லை விட்டு நாட்குறிப்பைக் கைக்கொண்டனர். 1829 முதல் 1867 வரை வடபகுதியின் அதிபராயிருந்து ஆண்ட டைக் துரையின் காலத்திலும், அவருக்குப் பின் 1869 முதல் 1896 வரை அப்பதவியிலிருந்த டுவைனம் துரையின் காலத்திலும், அரசாங்க அதிபரும் உதவி அதிபர்களும் சுற்றுப்பயணம் செய்து, கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே எழுதிவைப்பது கடமையாயிருந்தது. உடைந்த அணை, வரண்ட துரவு, காய்ச்சலால் மக்கள் கைவிட்ட ஊர், காட்டுப்பாதையின் நிலை என்று தோம்பு கேளாதவற்றை நாட்குறிப்பு கேட்டது. வன்னியிலே உதவி அதிபராயிருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் அம்மரபின் கனி. வன்னியின் குளங்களையும் ஊர்களையும் பயிர்ச்செய்கை வழக்கங்களையும் ஒருங்கே அறிய விரும்புவோர் இன்றும் அதனையே முதலில் நாடுவர். ஆயினும் நாட்குறிப்புக்கும் ஒரு குறையுண்டு. எழுதியவர் கேட்டதை மட்டுமே அது வைத்திருக்கும். சொன்னவர் அதனைத் திரும்பப் படித்து, 'நான் சொன்னது இதுவன்று' என்று மறுப்பதற்கு அதிலே வழியில்லை.

அந்த வழியைத் திறந்தது 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்திலே இயற்றப்பட்ட அச்சட்டம் புதிய விதிகளைக் கொழும்பிலிருந்து அனுப்பவில்லை; நெற்செய்கையையும் நீர்ப்பங்கீட்டையும் பற்றிய பழைய வழக்கங்களை மீட்டு நிலைநிறுத்துவதே அதன் பிரகடனமான நோக்கம். வழக்கம் யாதென்று சொல்லவேண்டியவர் வயலுடையோர். அவர்களைக் கூட்டிக் கேட்டு, அவர்கள் ஒப்பியதை விதியாக்குவது அதிபரின் வேலை. இலங்கை முழுவதிலும் இன்று நடைபெறும் போகக் கூட்டங்களுக்கு இச்சட்டமும், அதன்பின் வந்த 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டமும், 1958இன் நெற்காணிச் சட்டமும், 1979இன் கமநல சேவைகள் சட்டமும் படிப்படியாக வடிவம் தந்தன. சட்டத்துக்கு முன்னரும் குளத்தடியிலே கூடிப் பேசுவது ஊர்களில் இருந்தது. சட்டம் செய்தது, அந்தப் பேச்சுக்கு எழுத்தும் தவணையும் தண்டமும் கொடுத்தது.

இருபதாம் நூற்றாண்டு வரைபடத்தின் நூற்றாண்டு. 1900ஆம் ஆண்டிலே நீர்ப்பாசனத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1902இல் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் கட்டு தொடங்கி 1920இல் நிறைவெய்திற்று. பிற்காலத்திலே பலமுறை கட்டை உயர்த்தியதனால் கொள்ளளவு பெருகி வளர்ந்த அக்குளம், இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்குத் தாயாயிற்று. வரைபடம் மேடு பள்ளத்தைக் கேட்கும். எந்தக் காணிக்கு நீர் ஏறும், எதற்கு ஏறாது என்பதை ஒரு கோட்டினால் தீர்த்துவிடும். அக்கோட்டின்மேல் 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் எழுந்தது. குடாநாட்டிலே காணியற்றோருக்கும் வேலையற்றோருக்கும் வாழ்வு தரும் நோக்கத்தோடு பிறந்த அந்தக் குடியேற்றத்தின் ஆதார ஏடு, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் வழங்கும் அனுமதிப்பத்திரம்.

அந்த அனுமதிப்பத்திரத்தைச் சற்று அருகிலே வைத்துப் பார்ப்போம். காணியைத் துண்டாடலாகாது என்ற நல்ல நோக்கத்தினால், ஒரு காணிக்கு ஒரு பின்னுரித்தாளர் என்று அது விதித்தது. பெயர் குறிக்காமல் உடையவர் இறந்தால் யாருக்குச் சேரும் என்பதைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தீர்மானித்தது. அவ்வட்டவணையோ ஒரே உறவுமுறையிலே ஆணைப் பெண்ணுக்கு முன் வைத்தது. சீதனமாகக் காணி பெண்ணுக்குச் செல்லும் தேசவழமையிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமான முறை. குடியேறியவர்களின் வழக்கம் யாதென்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்திலே தெரிந்திருக்கக்கூடிய இந்த முரண், அட்டவணையிலே எழுத்தாகிவிட்டபின், மாற்றப்படுவதற்கு 2022ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. தேவையை எழுதும்போது ஒரு கட்டத்தைப் பிழையாக வகுத்தால் அதன் விலை யாது என்று கேட்கும் மாணவனுக்கு, எண்பத்தேழு ஆண்டுகள் என்பதே வன்னி தரும் விடை.

பின்னர் வந்த போர்க்காலம் ஏடுகளையே அழித்தது. கச்சேரிக் கோவையும் கிராம அலுவலரின் பதிவேடும் வீட்டுப் பெட்டகத்திலிருந்த உறுதியும் ஒன்றாகவே போயின. 2009இல் செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாம்களிலே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டபோது, தான் யார், தன் குடும்பத்தார் எத்தனை பேர், தன் காணி எங்கே என்பதை மனிதர் வாய்மொழியாலேயே மீண்டும் எழுதுவிக்க வேண்டியிருந்தது. படிவங்கள் மலிந்தன, ஒரே கேள்வியை ஒருவர்பின் ஒருவர் வந்து கேட்டனர், சொன்னவருக்கோ ஒரு பிரதியும் எஞ்சவில்லை. தேவையைப் பலமுறை கேட்பது அதனை அறிவதாகாது என்பதை அம்முகாம்களில் இருந்தோர் அறிவர்.

கணினி இவ்வரலாற்றிலே நுழைந்த வாசல்களுள் ஒன்று, முல்லைத்தீவுக் கரையையும் துடைத்தெடுத்த 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை. அப்பேரழிவின் பின்னர் இலங்கை மென்பொருளாளர் தன்னார்வத்தால் ஒன்றுகூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவதற்கென 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். அது பின்னர் வெளிநாட்டுப் பேரிடர்களிலும் பயன்பட்டது. தேவையைக் கேட்டு எழுதி முடிக்க அவகாசமில்லாத வேளையிலே, ஆக்கிக்கொண்டே கேட்டு, கேட்டுக்கொண்டே திருத்திய முயற்சி அது.

உலகமும் இதே பாதையிலே சுற்றி வந்தது. 1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரிலே கூடிய மாநாட்டிலே மென்பொருள் முயற்சிகள் தவறிப்போவதன் காரணங்கள் விவாதிக்கப்பட்டன; 1984இல் தேவை விவரணம் எழுதும் முறைக்கு ஐ.இ.இ.இ. என்னும் பொறியியலாளர் சங்கம் ஒரு பிரமாணம் வகுத்தது. தொண்ணூறுகளிலே ஒவ்வொரு தேவைக்கும் இலக்கமிட்டு, அதனைச் சோதனையோடு தொடுத்துக்காட்டும் 'டோர்ஸ்' போன்ற பெருங்கருவிகள் பரவின. அக்காலத்திலேயே வேறொரு சாரார், தடித்த விவரணங்களை ஒருவரும் படிப்பதில்லை என்று கண்டு, உள்ளங்கையளவு அட்டையிலே தேவையை ஒரு வரியாக எழுதி, மீதியை நேரிற் பேசித் தீர்க்கும் வழியைக் கைக்கொண்டனர். 2001இல் அவர்களின் கொள்கை அறிக்கையாக வெளிவந்தது. அட்டை பேச்சுக்கு ஓர் அடையாளமே என்று அவர்கள் சொன்னதை, போகக் கூட்டத்திலே அமர்ந்தெழுந்த கமக்காரர் வியப்பின்றியே கேட்டிருப்பார்.

இனிக் கருவித் தேர்வுக்கு வருவோம். சொற்செயலியும் எக்செல் அட்டவணையும் தோம்பின் வழித்தோன்றல்கள். யாவர்க்கும் கைவரும், ஆனால் எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்பது பத்துப் பிரதிகளுக்குள் மறைந்துவிடும். 'ஜிரா' போன்ற பணிப்பதிவுக் கருவிகள் நாட்குறிப்பின் இனம். செய்தவனின் நாளைச் சொல்லும், கேட்டவனின் நோக்கத்தைச் சொல்லுவது அரிது. படம் வரையும் கருவிகள் நீர்ப்பாசன வரைபடத்தின் வம்சம். பாதை தெளிவாகும், பிணக்கு தெரியாது. பெருங்கருவிகள் எல்லாவற்றையும் தொடுத்துக்காட்டும்; ஆனால் அவற்றைத் திறக்கத் தெரிந்தவர் அலுவலகத்திலே இருவரே இருப்பின், கூட்டத்துக்கு வந்த மற்றையோர் ஊமையராவர். வன்னி அலுவலகங்களுக்கு இன்னுமொரு சோதனை உண்டு. பல்லாண்டுகளாகப் பாமினி எழுத்துருவிலே தட்டப்பட்ட தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். யுனிகோட் தமிழை ஏற்று, தேடிக் கொடுத்து, அச்சிட்டும் தராத கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும் இங்கே செவிடே.

எல்லாவற்றிலும் பெரிய சோதனையை இரணைமடுவே காட்டிற்று. யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் குடிநீர் வழங்குவதற்கென ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2010ஐ அடுத்து வகுக்கப்பட்ட பெருந்திட்டம், இக்குளத்து நீரையே மூலமாகக் கொண்டது. நிலத்தடி நீர் கெட்டுவரும் குடாநாட்டு மக்களின் தேவை மெய்யானது. சிறுபோகத்துக்கே நீர் போதாமல் காணியைப் பங்கிட்டு விதைக்கும் கமக்காரரின் தேவையும் மெய்யானது. இரண்டையும் ஒரே மண்டபத்திலே, குளத்து நீரின் அடிக்கணக்கை முன்வைத்து எடைபோட ஓர் ஏடு இல்லாமற்போனதால், ஆட்சேபம் வீதிக்கும் அரசியல் மேடைக்கும் ஏறியது. முடிவிலே நீர்மூலமே மாற்றப்பட்டு, வடமராட்சி கிழக்கின் தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எழுந்து 2024இல் திறக்கப்பட்டது. குடிசனத் தொகையையும் லீற்றரையும் கணக்கிட்ட தாள்களிலே கணக்குப் பிழை இருந்தது என்று கூறுவதற்கில்லை. மறுப்பு ஏறுவதற்கு அவற்றிலே நிரல் இருக்கவில்லை.

போகக் கூட்டத்தின் மேன்மை இதிலேதான் அடங்கியிருக்கிறது. தேவை, அதன் எல்லை, அதற்கு எழுந்த மறுப்பு, விட்டுக்கொடுத்தவருக்கு அடுத்த முறை தரும் வாக்கு, இவற்றுக்கெல்லாம் சம்மதம் ஆகிய ஐந்தையும் ஒரே அமர்விலே அது கேட்கிறது. அக்கூட்டமும் குறையற்றதன்று, குத்தகைக்குச் செய்பவரும் வயலிலே நாற்று நடும் பெண்களும் அங்கே வாய்திறப்பது அரிது. ஆயினும் தோம்பும் நாட்குறிப்பும் வரைபடமும் அனுமதிப்பத்திரமும் தனித்தனியே கேளாது விட்டவற்றை அது ஒருசேரக் கேட்டதனாலேயே, சட்டங்கள் மாறியும் ஆட்சிகள் மாறியும் போர் வந்து போயும் நின்று நிலைக்கிறது.

ஆகவே, மென்பொருளை விலைபேசும் இளைஞர் விற்பவரின் காட்சித்திரையிலே பளபளக்கும் படங்களைப் பார்த்து முடித்தபின், ஒரு காரியம் செய்க. வாய்க்காலின் கடைக்கோடியிலே காணியுடைய ஒருவர், 'இது எனக்குச் சம்மதமில்லை. போன சிறுபோகத்திலும் நானே விட்டுக்கொடுத்தேன்' என்று சொன்னதாக வைத்துக்கொண்டு, அதனை அக்கருவியிலே எங்கே எழுதுவது என்று விற்பவரிடமே கேட்டுப் பார்க்க.