மெக்கானிக் ஷெட்

மெக்கானிக் ஷெட்: கார் கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர்களுக்கு வெளியே, தனி ஆள் ஒருவரோ அவரும் இரண்டு மூன்று கையாட்களுமோ கார்களைப் பழுதுபார்க்கும் இடம். தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண் தரை, இன்ஜினைத் தூக்கச் செயின் பிளாக் மாட்டிய இரும்புச் சட்டம், வாசலில் வேம்போ புங்கமோ ஒன்று. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இதற்குமேல் பெயர்ப்பலகை தேவைப்படாது. எழுத்தில் ‘பட்டறை’ என்பார்கள். பேச்சில் ‘வண்டி ஷெட்ல நிக்குது’ என்பதுதான். ஈழத்தில் இது கராஜ்.

ஷெட்டின் சொற்களிலேயே அதன் வயது தெரியும். மாற்றுச் சக்கரத்தை நாம் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் தொடங்கிய ஒரு கம்பெனி, பஞ்சரான சக்கரத்தின்மேல் பூட்டிக்கொள்ளும் காற்றடைத்த வளையத்தை விற்றது. அக்காலக் கார்களோடு மாற்றுச் சக்கரம் வராது. அந்தச் சாமானும் போயிற்று, கம்பெனியும் போயிற்று, பிறந்த நாட்டில் சொல்லும் ஏறக்குறைய போயிற்று. நம் ஊரில் பஞ்சர் ஒட்டும் பையன் வாயில் இன்னும் இருக்கிறது. ‘டிக்கி’ என்பதும் அப்படித்தான். காரின் பின்புறம் மடக்கித் திறக்கும் திறந்தவெளி இருக்கைக்கு இருந்த பெயர், இருக்கை ஒழிந்தபின் சாமான் வைக்கும் இடத்தின்மேல் ஒட்டிக்கொண்டது.

மோட்டார் வருமுன்பே சென்னையில் வண்டி கட்டும் தொழில் பெரிதாக இருந்தது. 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனி குதிரைவண்டிகள் கட்டியது. 1903இல் அங்கேயே நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார்கள். அக்காலத்தில் கார் வைத்திருந்தவர்கள் ஜமீன்தார்கள், வெள்ளை அதிகாரிகள், பெரிய வக்கீல்கள். அவர்களுடைய டிரைவர்தான் மெக்கானிக். வழியில் நின்றால் உதவிக்கு ஆள் கிடையாது என்பதால் கழற்றி மாட்டத் தெரியாதவனை யாரும் டிரைவராக வைத்துக்கொள்ளவில்லை. வில் பட்டை முறிந்தால் ஊர்க் கொல்லன் உலையில் காய்ச்சி அடித்துக் கொடுத்தான். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றிய கைக்கு அது புது வேலையல்ல.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலைப் பரப்பியது காரைவிட பஸ்தான் என்று சொல்லலாம். மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1910களின் தொடக்கத்தில் பஸ் ஓட்டத் தொடங்கினார். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைப் பதம் பார்த்ததால், காந்தம் பூட்டிய வண்டி ஒன்றை ஓட்டிச் சாலையிலிருந்து ஆணி பொறுக்கியவர் அவர். கோவைப் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, ஓட்டிப் பார்ப்பதற்குப் பதில் அக்கக்காகக் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கியது அவருடைய தொழில். பஸ் முதலாளிகளின் பட்டறைகளில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் படித்தவர்கள் பிற்பாடு தனி ஷெட் போட்டார்கள். படிப்பு, பரீட்சை எதுவும் இல்லாத பாடசாலைகள் அவை.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. வண்டியின் பின்னால் உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் கரி போட்டு எரித்து, வரும் வாயுவை இன்ஜினுக்குக் கொடுத்தார்கள். சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனமும் இந்தக் கரி வாயுக் கலன்களைச் செய்து விற்றது. காலையில் கண்டக்டர் ஊதுவிசிறியைச் சுற்றிக் கரியைக் கனிய வைத்தால்தான் வண்டி நகரும். மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடந்தார்கள். தாரும் சாம்பலும் குழாயை அடைத்துக்கொண்டே இருக்கும். எரிபொருள் மாறினால் இன்ஜினை எப்படிச் சமாதானப்படுத்துவது என்பதை ஒரு தலைமுறை அப்போது கற்றது. போர் முடிந்ததும் ராணுவத்தின் ஜீப்புகளும் லாரிகளும் ஏலத்துக்கு வந்தன. ஓடும் வண்டியாகக் கொஞ்சம், உதிரி பாகமாக மீதி.

ஆனால் ஷெட்டை ஷெட்டாக ஆக்கியது தட்டுப்பாடு. 1949இல் முழுதாகக் கட்டிய கார்களின் இறக்குமதியை அரசு நிறுத்தியது. இங்கேயே பாகங்கள் செய்யும் திட்டம் உள்ள கம்பெனிகளுக்குத்தான் இடம் என்று 1953இல் முடிவானதும், வெறுமனே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. மிச்சம் இருந்தவை மூன்று. வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடர், பம்பாயிலிருந்து ஃபியட், சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்திலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1970களில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 50,000 கார்கள்கூட உற்பத்தியாகவில்லை. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காரை யாரும் சுலபத்தில் தூக்கிப் போடமாட்டார்கள். மகன் காலத்துக்கும் ஓட்டுவார்கள். அம்பாசிடர் 1957இல் வந்தது. அதன் 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், 1990களில் இசுஸு இன்ஜின் வரும்வரை பெரிய மாற்றமின்றி நீடித்தது. ஒரே இன்ஜினை முப்பது வருஷம் கழற்றி மாட்டுகிற வாய்ப்பு வேறெந்த நாட்டு மெக்கானிக்குக்குக் கிடைத்திருக்கும்? கண்ணை மூடிக்கொண்டு நட்டைத் தொடுவார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை. பாதி நட்டுகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருந்தன.

மூன்றுக்கும் மூன்று குணம். அம்பாசிடர் இங்கிலாந்து வழி வந்தது, நட்டெல்லாம் அங்குலக் கணக்கு. ஃபியட் இத்தாலி வழி, மில்லிமீட்டர். இரண்டு செட் ஸ்பேனர் வாங்க வசதியில்லாத ஷெட்டில் அரை அங்குல நட்டுக்குப் பதிமூன்றாம் நம்பரைப் போட்டே காலம் தள்ளினார்கள். மயிரிழை தொளதொளப்பில் அது பொருந்தும். நாலைந்து முறை போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும், அப்புறம் உளியும் சுத்தியும்தான். ஹெரால்டு மட்டும் மெக்கானிக்கின் செல்லப்பிள்ளை. பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன் டயரின்மேல் ஒருக்களித்து உட்கார்ந்து, டீ டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டேப்பெட் பார்க்கலாம். இடுப்பு வலி தராத கார் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கலாம்.

தினசரி வேலையில் முக்கால்வாசி ‘டியூனிங்’. மிஸ்ஸிங் ஆகிறது, பிக்கப் இல்லை, செல்ஃப் எடுக்கவில்லை என்று வண்டி வரும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் கட்டைவிரலால் தள்ளித் திறந்து, உள்ளே பாயிண்ட் கருகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கருகியிருந்தால் உப்புத்தாள், அது இல்லாவிட்டால் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து இரண்டு தேய்ப்பு. அம்பாசிடருக்குப் பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. அதை அளக்க ஃபீலர் கேஜ் என்ற தகட்டுக் கொத்து உண்டு. பல ஷெட்டுகளில் சிகரெட் அட்டையே கேஜ். அதை நுழைத்து இழுக்கும்போது விரலுக்குக் கிடைக்கும் பிடிதான் கணக்கு. பேரிங் அடிக்கிறதா, டேப்பெட் சத்தமா என்று பிரிக்க நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார்கள். டாக்டரின் குழாயை இவர்கள் பொறாமையோடு பார்த்ததில்லை.

கோடையில் வண்டி நடுரோட்டில் நின்றால், பெட்ரோல் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மருந்து, பம்பின்மேல் ஈரத்துணி. பெட்ரோல் டாங்கில் ஒழுகலா? 501 பார் சோப்பைக் குழைத்து அப்பினால் ஊர் போய்ச் சேரலாம், ஏனென்றால் சோப்பைப் பெட்ரோல் கரைப்பதில்லை. ரேடியேட்டரில் மெல்லிய ஒழுகல் என்றால் ஒரு கை மஞ்சள்தூள். தண்ணீரில் ஊறி உப்பி ஓட்டையில் போய் உட்காரும். (அளவு மீறினால் ரேடியேட்டரே அடைத்துக்கொள்ளும். பல ரேடியேட்டர்கள் சமையலறை வைத்தியத்தால் செத்தவை.) ஒரு பாகத்துக்குத் தயார் பேக்கிங் கிடைக்காதபோது பேக்கிங் தாளை அந்த இரும்புப் பாகத்தின்மேலேயே விரித்து, விளிம்பு நெடுக உருண்டைத் தலைச் சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே போவார்கள். விளிம்பின் கூர்மையே தாளை வெட்டிவிடும். ஓட்டைகளுக்குச் சுத்தியின் உருண்டைப் பக்கம். ஐந்து நிமிஷத்தில் அச்சு அசலான பேக்கிங் கையில் இருக்கும்.

இன்ஜின் இறக்கும் வேலை வந்தால் லேத் பட்டறையின் துணை வேண்டும். தேய்ந்த சிலிண்டரை அங்கே போர் செய்து அகலப்படுத்தி, அதற்கேற்பப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். வால்வு தேய்ப்பது ஷெட்டிலேயே நடக்கும், அதுவும் ஷெட்டின் கடைக்குட்டி தலையில்தான் விழும். வால்வின் தலையில் ரப்பர்க் குமிழ் வைத்த குச்சியை ஒட்டி, கார்பொரண்டம் பசை தடவி, மோர் கடைவது போல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே குச்சியை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு வால்வு, அரை நாள். சொரசொர சத்தம் மாறி வழவழவென்று ஆகும்போது சீட் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டுத் தலைமை மெக்கானிக் திரும்பிப் பார்த்தால் பையன் தொழில் படிக்கத் தொடங்கிவிட்டான்.

இந்தப் பையன்களின் கதை அவ்வளவு அழகானதல்ல. ஐந்தாவதோடோ ஆறாவதோடோ பள்ளியை விட்டு வந்து, டீ வாங்கி, மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவி, ஸ்பேனர் நம்பரைத் தப்பாக எடுத்துக் கொடுத்துக் குட்டு வாங்கி வளர்ந்தவர்கள் அவர்கள். பல வருஷம் சம்பளம் என்பதே கிடையாது. சாப்பாடும் தீபாவளிக்கு ஒரு சட்டையும். குழந்தைத் தொழிலாளர் தொடர்பான 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலில் பின்னர் மோட்டார் பட்டறைகளும் சேர்ந்தன. 2016இல் வந்த திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களை, சில விலக்குகள் தவிர, எந்தத் தொழிலிலும் வைக்கக்கூடாது என்றது. இன்று ஷெட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் மூத்த மெக்கானிக்குகளில் பலர் தம் பிள்ளைகளை இன்ஜினீயரிங் படிக்க வைத்தவர்கள்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் ஷெட் வெள்ளையாக இருக்கும். ஆயுத பூஜைக்கு முந்திய நாள் ஸ்பேனர்களை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, நம்பர் வரிசைப்படி அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். தொலைந்துபோன 10-11 ஸ்பேனர் அன்றைக்குத்தான் அகப்படும்.

பாகங்களுக்குச் சென்னையில் இரண்டு சந்தைகள். புதுசு வேண்டுமானால் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை; பழசு வேண்டுமானால் கூவம் கரையில் புதுப்பேட்டை. காரைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் புதுப்பேட்டையில், காலையில் முழு வண்டியாக நுழைந்தது மாலைக்குள் கதவு, டைனமோ, கியர்பாக்ஸ் என்று தனித்தனிக் கடைகளில் தொங்கும். திருட்டு வண்டி என்ற சந்தேகமும் போலீஸ் சோதனையும் அந்தத் தெருக்களை விட்டதில்லை. அதேசமயம் உற்பத்தி நின்றுபோன காரின் கண்ணாடி ஒன்றுக்காக வெளியூரிலிருந்து ரயிலேறி வருகிறவர்களுக்குப் போக்கிடமும் அதுதான். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் அம்பாசிடரின் இன்ஜினை இறக்கிவிட்டு மெடடார் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றும் அறுவைச் சிகிச்சையும் இப்படிப்பட்ட சந்தைகளை நம்பியே நடந்தது.

தட்டுப்பாடு ஒரு கைத்தொழிலை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைப் பார்க்க வேண்டும். 1990இல் உள்நாட்டுப் போர் மறுபடி மூண்டபின் அங்கே பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி, உதிரிப் பாகம் எதுவும் வராது. அங்கு ஓடிக்கொண்டிருந்தவை 1950களின் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள். அழுத்த விகிதம் குறைந்த அந்தப் பழைய இயந்திரங்கள் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டன. சிறு போத்தலில் பெற்றோலைப் பொத்திவைத்து, காபுரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ரார்ட் செய்வார்கள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சாலையெங்கும் வெண்புகையும் மண்ணெண்ணெய் நெடியுமாக வாடகைக் கார்கள் நோயாளிகளையும் மணமக்களையும் ஏற்றிக்கொண்டு போயின. புதிய கார் எதுவும் அந்த எரிபொருளில் ஒரு மைல் ஓடியிராது. கராஜ்காரர்களின் கெட்டிக்காரத்தனம் பாதி, நாற்பது வருஷத்துப் பழைய இரும்பின் பொறுமை பாதி.

தமிழ்நாட்டு ஷெட்டுக்கு முதல் அதிர்ச்சி 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. பழுதாவதே அரிதாக இருந்தது என்பதுதான் அதன்மேல் மெக்கானிக்குகளின் புகார். தேய்ந்ததைச் சீர்செய்வது போய், கழற்றிவிட்டுப் புதுசு போடும் பழக்கம் அதோடு வந்தது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலை நகரிலும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் தொழிற்சாலைகள் எழுந்தன. 2000ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் கார்புரேட்டர் ஒழிந்து, பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும் முறை வந்தது. காதும் கட்டைவிரலும் போதாத இடம் இது. பிழை எண்ணைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். அதையும் அசல் பாகங்களையும் கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்கு மட்டுமே கொடுத்தன. இதை எதிர்த்து எழுந்த வழக்கில், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். மேல்முறையீடுகளில் வழக்கு நீண்டது. அதே 2014 மே மாதம் அம்பாசிடர் உற்பத்தி நின்றிருந்தது.

ஸ்கேனர் இப்போது மலிவாகிவிட்டது. சின்ன ஷெட்டிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் திரையில் வரும் எண் எந்த சென்சார் பேசவில்லை என்று சொல்லுமே தவிர, ஏன் பேசவில்லை என்று சொல்லாது. சென்சாரை மாற்றிப் பல ஆயிரம் செலவழித்தபின்னும் அதே விளக்கு எரியும் வண்டிகள் ஷெட்டுக்கு வருகின்றன. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பானெட்டுக்குள் கவிழ்ந்தால், வயர்க்கட்டின் அடியில் எலி கடித்த இடம் தெரியும். அறுந்த இரண்டு முனையையும் சீவி முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிவிட்டு, மறுபடி எலி வராமலிருக்கப் பேட்டரிக்குப் பக்கத்தில் நாலு இணுக்குப் புகையிலையைக் கட்டி அனுப்புகிறார்கள்.