மொழி வளர்த்த மனம்

மொழியை மனிதன் படைத்தான் என்பர். அஃது உண்மையே. ஆயின் மொழியும் மனிதனைப் படைத்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உள்ளத்தில் முன்பே முதிர்ந்து கிடக்கும் எண்ணங்களை வெளியிடுவதற்கு உதவும் கருவி மட்டுந்தானா மொழி? அன்றி, எண்ணும் ஆற்றலையே வளர்ப்பதும் அதுதானா? இவ்வினாவிற்கு விடை தரும் இரு வரலாற்று நிகழ்ச்சிகளை ஈண்டுக் காண்போம்.

முதல் நிகழ்ச்சி நம் நாட்டைச் சார்ந்தது. பேச்சு என்பது கேள்வியால் வருவது. பிறர் பேசக் கேளாதவர் பேசமாட்டார் என்பது பேரரசர் அக்பரின் கருத்து. இதனை ஆய்ந்து காண விரும்பிய அவர், ஃபதேபூர் சிக்ரி தலைநகராய் விளங்கிய நாளில், 1578ஆம் ஆண்டையொட்டி, ஒதுக்குப்புறமாக ஒரு மாளிகை எழுப்பினார். பச்சிளங் குழவிகள் சிலரை அங்கே வைத்து, வாய்பேசாச் செவிலியரைக் கொண்டு வளர்க்கச் செய்தார். 1582இல் அக்பர் அங்குச் சென்றபோது அக்குழந்தைகளிடம் பேச்சு ஏதும் தோன்றவில்லை. மக்கள் அம்மாளிகையை ‘ஊமை மாளிகை’ என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். அக்குழவிகளுள் பலர் மாண்டனர் என வரலாற்றாசிரியர் பதாயூனி குறித்துள்ளார். அரசரின் ஐயம் தீர்ந்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை மிகக் கொடிது.

பின்னர் ஐரோப்பிய அறிஞர்கள் மொழியின் தோற்றம் பற்றிப் பற்பல ஊகங்களைக் கூறி வாதிட்டனர். சான்றற்ற வாதங்களால் சலிப்புற்ற பாரிசு மொழியியற் கழகம், மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லையென 1866இல் விதியே செய்தது. ஒரு மொழி பிறப்பதை எவர் கண்ணால் கண்டார் என்பதே அன்றைய நிலை.

அவ்வரிய காட்சியும் ஒரு நாள் கிட்டிற்று. அதுவே நம் இரண்டாம் நிகழ்ச்சி. நடு அமெரிக்காவில் உள்ள சிறு நாடு நிகராகுவா. அங்குக் காது கேளாத குழந்தைகள் தத்தம் வீடுகளில் தனித்தே வளர்ந்தனர். வீட்டாருடன் சில சைகைகளால் மட்டுமே உறவாடினர். 1977இல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புக் கல்வி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. 1979இல் நிகழ்ந்த புரட்சிக்குப் பின் தொழிற்கல்விப் பள்ளியொன்றும் தோன்றியது. 1983க்குள் நானூறுக்கு மேற்பட்ட மாணவர் அவ்விரு பள்ளிகளிலும் கூடினர். ஆசிரியர் உதட்டசைவைக் கண்டு ஸ்பானிய மொழியை அறியுமாறு பயிற்றினர். அதில் பெரும்பயன் விளையவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தம் வீட்டுச் சைகைகளை ஒருவர்க்கொருவர் பகிர்ந்துகொண்டனர். அவை கலந்து, திரிந்து, பொதுச் சைகைகளாயின. ஆண்டுதோறும் புதிதாய் வந்து சேர்ந்த சிறுவர்கள் அவற்றை ஏற்று, இலக்கண ஒழுங்கும் சேர்த்துச் செழுமையாக்கினர். எவரும் கற்பியாமலே ஒரு புதுமொழி பிறந்தது! 1986இல் அமெரிக்க மொழியியல் அறிஞர் ஜூடி கெகல் அங்குச் சென்று அதனை ஆராயத் தொடங்கினார்.

இம்மொழி அப்பிள்ளைகளின் மனத்தில் விளைத்த மாற்றமே வியப்பிற்குரியது. ஒரு சிறுவன் பொம்மையைக் கட்டிலின் கீழ் வைத்துவிட்டு வெளியே செல்கிறான். அவன் அறியாமல் அதனை வேறொருவன் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறான். திரும்பி வரும் சிறுவன் பொம்மையை எங்கே தேடுவான்? கட்டிலின் கீழ்தான் என்று நாம் உடனே கூறுவோம். பிறர் மனத்தில் உள்ள தவறான எண்ணத்தையும் உணரும் அறிவு நமக்கு உண்டு. ஜென்னி பையர்ஸ், ஆன் செங்காஸ் என்னும் ஆய்வாளர் இருவர் இத்தகைய படக்கதைகளை அவர்களிடம் காட்டினர். தொடக்கக் காலத்தில் பள்ளி சேர்ந்த மூத்தோர், வளர்ந்த பெரியவராயிருந்தும், இவ்வினாவில் பெரிதும் தடுமாறினர். அவர்களினும் இளையோர் எளிதில் விடை கண்டனர். ‘நினைத்தல்’, ‘அறிதல்’ முதலிய மனச்செயல்களைக் குறிக்கும் சைகைகள் இளையோர் மொழியில் மிக்கிருந்தன. மூத்தோர் மொழியில் அவை அருகியே காணப்பட்டன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆய்ந்தபோது, மூத்தோரும் அச்சைகைகளைக் கற்றிருந்தனர். அவர்தம் விடைகளும் திருந்தியிருந்தன. இம்முடிவுகள் 2009இல் வெளியாயின. சொல் வளர, பிறர் உள்ளத்தை உணரும் அறிவும் வளர்ந்தது!

ஊமை மாளிகையில் இல்லாததும் மனாகுவாவில் இருந்ததும் யாது? பெருந்திரளான பிள்ளைகளின் கூட்டுறவு. ஆண்டுதோறும் புதியவர் வந்து சேர்ந்த தொடர்ச்சி. மொழி ஒருவர் மூளையில் விளையும் தனிப்பொருளன்று. அது கூடி வாழ்வோரின் பொதுச்சொத்து.

இவ்வுண்மை, பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கும் ஒன்றை உணர்த்துகின்றது. சுற்றுப்புற மொழியையும் ஆங்கிலத்தையும் நன்கு பயின்ற நம் பிள்ளைகளின் அறிவு, தமிழ் அறியாமையால் மழுங்கிவிடாது. அந்த அச்சம் வேண்டா. மெலிவது தமிழே. “சாப்பிடு”, “படி”, “தூங்கு” என்னும் கட்டளைகளோடு வீட்டுத் தமிழ் நின்றுவிடின், நினைப்பையும் ஐயத்தையும் ஏக்கத்தையும் பிள்ளைகள் வேறு மொழியில்தான் வெளியிடுவர். ஆண்டு விழா மேடையில் ஒப்பிக்கும் தமிழ் மட்டும் போதாது. காலனியின் படிக்கட்டிலும் மைதானத்திலும் நம் பிள்ளைகள் தமக்குள் தமிழில் விளையாடட்டும், சண்டையிடட்டும், கதை பேசட்டும். பெற்றோர் தரும் மொழியை வாழும் மொழியாக்குவோர் பிள்ளைகளே. அவர்கள் அடிக்கடி ஒன்றுகூட வழிசெய்வது நம் சங்கத்தின் தலையாய கடமையாகும்.