நில்லாக் குருதியின் வரலாறு

சிறு காயத்தில் கசியும் குருதி சில நிமிடங்களில் தானாகவே உறைந்து நின்றுவிடுகிறது. இது எத்துணை பெரிய அருட்கொடை என்பதை, அது இல்லாத குடும்பங்களே முழுமையாக அறியும். குருதி உறையாமை என்னும் அக்குறைபாட்டின் வரலாற்றில் முஸ்லிம் மருத்துவர் ஒருவருக்குச் சிறப்பான இடமுண்டு என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும்.

பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரையடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்தவர் அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி. அறுவை மருத்துவத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் இவர், 'அத்தஸ்ரீஃப்' என்னும் முப்பது பாக மருத்துவக் களஞ்சியத்தைக் கி.பி. 1000-ஆம் ஆண்டு வாக்கில் நிறைவு செய்தார். ஒரு கிராமத்தில் ஆண்களுக்குக் காயம் ஏற்பட்டால் இரத்தம் நில்லாமல் பெருகி உயிர் பிரிந்துவிடும் என்று கேட்டறிந்ததையும், ஈறைத் தேய்த்த சிறுவன் ஒருவன் இரத்தப்போக்கால் மாண்டதையும் அதில் அவர் பதிவு செய்துள்ளார். காரணம் தமக்குத் தெரியவில்லை என ஒளிவின்றி ஒப்புக்கொண்ட அவர், காயத்தை உடனே சூடிட்டு இரத்தத்தை நிறுத்துவதே வழி என்றார். அக்காலத்தில் அதற்குமேல் எவராலும் சொல்ல இயலவில்லை.

இதற்கும் முற்பட்ட சான்று யூதர்களின் தல்மூதில் உள்ளது. விருத்தசேதனத்தால் இரு புதல்வர்களை இழந்த தாயின் மூன்றாவது மகனுக்கு அதனைச் செய்ய வேண்டியதில்லை என்பது கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தீர்ப்பு. குர்துபாவில் பிறந்த யூத மருத்துவர் மைமோனிடஸ், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதனை மேலும் விளக்கினார்: தந்தையர் வெவ்வேறாயினும் தாய் ஒருத்தியே எனில் இவ்விதி பொருந்தும். நோய் தாய்வழியே வருகிறது என்னும் உண்மை அவ்விளக்கத்தில் பொதிந்திருந்தது.

1803-இல் ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஜான் கான்ராட் ஓட்டோ, பாதிக்கப்படுபவர் ஆண்கள், நோயைக் கடத்துபவர் பெண்கள் என எழுதினார். 1828-இல் 'ஹீமோஃபிலியா' என்னும் பெயர் தோன்றியது. பிரிட்டனின் விக்டோரியா அரசியே இதனைக் கடத்துபவராக இருந்தார். அவர் மகன் லியோபோல்ட் 1884-இல் கீழே விழுந்து, முப்பது வயதில் இறந்தார். செல்வமோ செங்கோலோ குருதியை உறைய வைக்கவில்லை.

காரணம் இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. குருதி உறைவதற்கு உதவும் புரதங்கள் 'ஃபேக்டர்' எனப்படுகின்றன. எட்டாவது ஃபேக்டர் குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ. ஒன்பதாவது குறைந்தால் ஹீமோஃபிலியா பி. இவற்றுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. எனவே, கடத்தும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் கடத்துபவராக இருக்கவும் அதே வாய்ப்பு. நோயுற்ற தந்தையின் நோய் மகன்களுக்குச் செல்லாது. மகள்கள் அனைவரும் கடத்துபவராவர். எனினும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்வரலாறே இருப்பதில்லை. ஆகவே தாயைப் பழிப்பது அறியாமையும் அநீதியும் ஆகும்.

1926-இல் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் விவரித்த வேறொரு குறைபாடு, ஆண் பெண் இருபாலரையும் பாதிப்பது. பெண்களின் மிகையான மாதவிடாய்ப் போக்கு இதனாலும் நேரலாம். பதின்மூன்றாவது ஃபேக்டர் குறைபாடு போன்ற அரியவை, நெருங்கிய உறவில் மணம் புரிவோரின் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் இரத்தம் நில்லாமை இதன் முக்கிய அறிகுறி.

மருத்துவமும் முன்னேறியது. உறைந்த பிளாஸ்மாவை மெல்ல உருக்குகையில் தங்கும் படிவில் எட்டாவது ஃபேக்டர் செறிந்திருப்பதை 1964-இல் ஜூடித் பூல் என்னும் பெண்மணி கண்டறிந்தார். பின்னர் ஃபேக்டர் மருந்துகள் வந்தன. ஆயினும் 1980-களில் அவற்றின் வழியாகவே எய்ட்ஸ் கிருமி பரவி உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அத்துயரத்திற்குப் பின்னரே தூய்மையாக்கும் முறைகள் வலுப்பெற்றன. 1992-இல் மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படாத எட்டாவது ஃபேக்டர் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு மேற்கொண்ட மரபணுச் சிகிச்சையின் நற்பலன் 2024 டிசம்பரில் வெளியானது.

இவ்வரலாறு நமக்கு எதற்கு? நம் வீட்டு ஆண் குழந்தைகளுக்குச் சுன்னத்துச் செய்யும் நாளில்தான் இக்குறைபாடு பலமுறை முதன்முதலாக வெளிப்படுகிறது. ஆகவே, தாய்மாமன், தாய்வழிப் பாட்டனார், சகோதரியின் மகன் எவருக்கேனும் இரத்தம் நில்லாத வரலாறு இருந்தால், முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்வது கடமை. குழந்தை தவழத் தொடங்கியதும் காரணமின்றி நீலத் தழும்புகளோ, மூட்டு வீக்கமோ தோன்றினாலும் அவ்வாறே. உயிருக்கு ஆபத்தென அஞ்சப்படும்போது சுன்னத்தைத் தள்ளிவைக்கலாம் என்பதே மார்க்கச் சட்ட அறிஞர்களின் கருத்தாகும். தேவையான ஃபேக்டரைச் செலுத்தி, உரிய மருத்துவமனையில் அதனைப் பாதுகாப்பாகச் செய்யவும் இன்று வழியுண்டு.

நோயுள்ளவர்கள் ஆஸ்பிரின் போன்ற மருந்துகளையும், தசையில் போடும் ஊசிகளையும் மருத்துவரைக் கேளாமல் ஏற்கலாகாது. மூட்டில் இரத்தம் கசிந்தால் ஓய்வு, பனிக்கட்டி ஒத்தடம், கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகியவற்றோடு ஃபேக்டர் தாமதமின்றித் தேவை. தலையில் அடிபட்டால் வெளிக்காயம் இல்லையெனினும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

அன்புச் சகோதர சகோதரிகளே! மகளின் மணவாழ்வு பாதிக்கப்படுமோ என அஞ்சிக் குடும்ப வரலாற்றை மறைப்பது, பிறக்கவிருக்கும் பேரனின் உயிரோடு விளையாடுவதாகும். காரணம் அறியாத நிலையிலும் கண்டதை மறைக்காமல் எழுதிவைத்தார் அல்-ஸஹ்ராவி. காரணமும் மருந்தும் அறிந்துள்ள நாம், வாய்திறந்து சொல்லவேனும் முன்வருவோமாக.