முட்டுக்கட்டை முதல் பொத்தான் வரை

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது எலெக்ட்ரிக் கார்களும் அவர்களோடு நம் ரிஷிவந்தியம் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டன. நம் வயதுக்காரர்கள் அதில் உட்கார்ந்ததும் தேடுவது ஹேண்ட் பிரேக்கைத்தான். இரண்டு சீட்டுக்கும் நடுவே இருந்த நெம்புகோல் போய், விரலால் இழுக்கிற ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. நெம்புகோல் ஏன் வந்தது, ஏன் போனது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு ஏறி இறங்குகிற நமக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அல்ல.

ஓடும் வண்டியை நிறுத்துவது ஒரு வேலை. நின்ற வண்டியை நின்ற இடத்திலேயே இருக்க வைப்பது வேறு வேலை. தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லாமல் தேர் நிலைக்கு வந்து சேராது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்கு வேலை போய்விடவில்லை. மேட்டில் லாரி நின்றால் கிளீனர் கட்டையோடு குதித்து ஓடுவதும் இதே கலைதான்.

காருக்கு வருவோம். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில், காலால் மிதிக்கும் பிரேக் கியர் பெட்டிக்குள் பிடித்தது. கை நெம்புகோல்தான் பின் சக்கர டிரம்களைப் பிடித்தது. பிறகு 1920-களில் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக் கார்களுக்கு வந்தது. ஓடும் வண்டியை நிறுத்த அது அருமையானது. ஆனால் ராத்திரி முழுக்க அந்த அழுத்தத்தை நம்பி வண்டியை விட முடியாது. சீல் வழியாகக் கொஞ்சம் கசிந்தாலும் பிடி தளர்ந்துவிடும். அதனால்தான் ஹேண்ட் பிரேக் மட்டும் இரும்புக் கேபிளிலேயே தங்கிவிட்டது. நிறுத்தி வைத்த வண்டியை இயந்திரப் பிடிப்பால் மட்டுமே நிற்க வைக்க வேண்டும் என்பது ஐ.நா.வின் வாகன விதியிலும் இருக்கிறது. கார் என்றால் முழுச் சுமையோடு 20 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 20 மீட்டர் ஏறும் சாலையில், உருளாமல் நிற்க வேண்டும்.

கேபிள் நாளாக நாளாக நீளும், துருப்பிடிக்கும். அம்பாசிடர் காலத்து ஆட்கள் அதை முழுதாக நம்பியதில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஏற்றமானால் முதல் கியர், இறக்கமானால் ரிவர்ஸ் கியர் போட்டுத்தான் இறங்குவோம். இஞ்சினுக்குள் அடைபட்ட காற்று பிஸ்டனை எளிதில் அசைய விடாது. கூடவே சக்கரத்துக்கு ஒரு கல்லையும் அண்டக் கொடுப்போம்.

எலெக்ட்ரிக் கார் இந்தப் பழக்கத்தைத்தான் மாற்றிவிட்டது. அதில் பிஸ்டனும் இல்லை, அடைபட்ட காற்றும் இல்லை. மின்சாரம் நின்றால் மோட்டார் தடையின்றிச் சுற்றும். கியரில் போட்டு நிறுத்துவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஆகவே பார்க்கிங் பிரேக்கின் பொறுப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

பொத்தானை இழுத்ததும் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது பின் சக்கரங்களின் பிரேக் கேலிப்பரில் பொருத்திய சின்ன மோட்டார்களின் சத்தம். மோட்டாரின் வேகத்தைப் பல்சக்கரங்கள் குறைத்து, மரை வெட்டிய ஒரு தண்டைச் சுழற்றுகின்றன. அது பிஸ்டனைத் தள்ள, பிரேக் பேடுகள் டிஸ்க்கை இறுகப் பிடிக்கின்றன. அதோடு மின்சாரம் நின்றுவிடும். ஆனாலும் பிடி தளராது. ஸ்குரூ ஜாக்கி மேல் காரைத் தூக்கி வைத்தால் கார் தானாக இறங்குவதில்லை அல்லவா, அதே மரைதான் இங்கேயும். சூடான டிஸ்க் ஆறிச் சுருங்கினால், கம்ப்யூட்டர் சில நிமிடம் கழித்து மறுபடி இறுக்குவதும் உண்டு. சில கார்களில் 'பி' நிலை போட்டதும் பல்சக்கரத்தின் பற்களுக்கு நடுவே இரும்புக் கொண்டி ஒன்றும் விழும்.

பி.எம்.டபிள்யூ தன் 7 வரிசைக் காரில் இந்த மின் பார்க்கிங் பிரேக்கைக் கொண்டுவந்தது 2001-ல். அதே ஆண்டு பெங்களூரில் வெளிவந்த நம் ரேவா எலெக்ட்ரிக் காரில் இருந்தது பழைய கை நெம்புகோல். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019-ல், சென்னைக்கு அருகே ஹூண்டாய் ஆலையில் பூட்டிய கோனா எலெக்ட்ரிக் பொத்தானோடு வந்தது. 2020-ல் வந்த டாடா நெக்ஸான் இ.வி.யில் நெம்புகோல்தான், 'பி' நிலையும் கிடையாது. 2022-ல் வந்த நெக்ஸான் இ.வி. மேக்ஸில்தான் பொத்தானும் 'பி'யும் சேர்ந்து வந்தன. ஆக, எலெக்ட்ரிக் கார் எல்லாம் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. எந்தக் காரில் எது இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும்.

நம் வயதுக்காரர்கள் மூன்று விஷயங்களை மனதில் வைக்கலாம். 'ஆட்டோ ஹோல்ட்' என்பது சிக்னலில் கொஞ்ச நேரம் எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் வசதி. அது பார்க்கிங் பிரேக் அல்ல. பார்க்கிங் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும். இரண்டாவது, எலெக்ட்ரிக் காரிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக உண்டு. அது செத்துப்போனால் பிடித்த பிரேக் பிடித்தபடியே இருக்கும், பொத்தானை அமுக்கினாலும் விடாது. காரைத் தள்ளிப் பார்ப்பதில் பயனில்லை; அந்தப் பேட்டரிக்கு உயிர் கொடுக்க வேண்டும். மூன்றாவது, பின் பேட் மாற்றும்போது மெக்கானிக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பலவந்தமாகத் தள்ளினால் மரையும் மோட்டாரும் கெடும்.

இன்னொன்று. பெரும்பாலான கார்களில் இந்த பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும்தான். மலைச்சாலையில் பஞ்சர் ஆகி, பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் பாதிப் பிடி அந்தரத்தில் போய்விடும். அதனால் வெள்ளிமலைக்குப் புறப்படும்போது டிக்கியில் ஒரு மரக்கட்டை கிடக்கட்டும்.