தனிப் பெட்டியில் மின்சாரம்

போன வருஷம் என் டேக்குக்கு லீனியர் பவர் சப்ளை ஒன்று வாங்கினேன். டேக் என்பது கம்ப்யூட்டரில் எண்களாக இருக்கும் பாட்டை மின்னலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி. டேக்கோடு வந்த அடாப்டர் சாதாரணமானது. நான் வாங்கியது டேக்கின் விலையில் பாதி. மாட்டிக் கேட்டேன். குரல் தெளிந்துவிட்டது! வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னேன்.

பிறகுதான் ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. பவர் சப்ளை மாற்றினால் ஒலி மாறும் என்று எனக்கு யார் சொன்னது? தேடிக்கொண்டே போனால் விஷயம் இசைத்தட்டுக் காலத்தில் போய் நிற்கிறது.

இசைத்தட்டின் ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். அதை 100 மடங்கு பெருக்க வேண்டும். அது மட்டுமில்லை. தட்டில் பதியும்போது தாழ்ந்த ஸ்வரங்களைக் குறைத்தே பதிப்பார்கள். கேட்கும்போது திரும்பக் கூட்ட வேண்டும். 1954-ல் அமெரிக்காவில் வந்த ரியா நிர்ணயம் இதற்கான அளவைச் சொன்னது. அதன்படி 1,000 ஹெர்ட்ஸை 100 மடங்கு பெருக்கும் சர்க்யூட், 50 ஹெர்ட்ஸைக் கிட்டத்தட்ட 700 மடங்கு பெருக்கும். ஐரோப்பாவில் வீட்டு மின்சாரத்தின் அதிர்வும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஸ்பீக்கர் வரைக்கும் வந்துவிடும்.

ஆகவே டிரான்ஸ்ஃபார்மரைத் தனிப் பெட்டியில் தள்ளி வைப்பது அன்றைக்கு நல்ல பொறியியல். இங்கிலாந்தின் நெய்ம் ஆடியோ, 1970களிலேயே ப்ரீஆம்ப்ளிஃபயருக்குத் தனி பவர் சப்ளை விற்றது. வாங்கியவர்களுக்கு அதில் நியாயம் இருந்தது.

1982-ல் ஜப்பானில் சோனியின் சிடி பிளேயர் கடைக்கு வந்தது. இங்கேதான் கணக்கு மாறுகிறது. சிடி பிளேயரிலிருந்து வெளிவரும் சிக்னல் சுமார் 2 வோல்ட், அதாவது ஊசி தருவதைப் போல 400 மடங்கு. அதை மறுபடி நூறு மடங்கு பெருக்கும் வேலையே இல்லை. ஆனால் தனிப் பெட்டி மேல் இருந்த மரியாதை மட்டும் அப்படியே டேக்குக்கும் வந்து சேர்ந்தது.

அப்படியானால் டேக்குக்கு நல்ல மின்சாரம் தேவையில்லையா? கண்டிப்பாகத் தேவை. டேக் சில்லு ஒவ்வொரு எண்ணையும் ஒரு ஆதார வோல்டேஜோடு ஒப்பிட்டுத்தான் வெளியே அனுப்புகிறது. ஆதாரம் ஆடினால் பாட்டும் ஆடும். அதனால்தான் அடாப்டரிலிருந்து வருவதை நேராகச் சில்லுக்குக் கொடுப்பதில்லை; நடுவில் ரெகுலேட்டர் இருக்கும். 1970களில் வந்த எல்எம்317 என்ற மலிவான ரெகுலேட்டரே, ஒரு சின்னக் கெப்பாசிட்டரைச் சேர்த்தால், 120 ஹெர்ட்ஸ் ஆட்டத்தை 80 டெசிபல், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். ஒழுங்காகச் செய்த டேக்கில் நான் காசு கொடுத்து வாங்கிய வேலை உள்ளேயே நடந்து முடிந்திருக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகும் காது ஒத்துக்கொள்ளவில்லை. சிடி வந்த அதே 1982-ல் டேவிட் கிளார்க் என்பவர், ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் ஏபிஎக்ஸ் என்ற மறைமுகச் சோதனையை விவரித்திருந்தார். எது ஓடுகிறது என்று தெரியாமலேயே கேட்டுச் சொல்ல வேண்டும். நான் செய்தது அதன் எளிய நாட்டு வடிவம். மச்சான் பூவா தலையா போட்டு, திரைக்குப் பின்னால் பவர் சப்ளையை மாற்றினார். நான் கண்டுபிடிக்க வேண்டும். 16 தடவையில் 12 சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கு இல்லை என்று ஓரளவு நம்பலாம்.

நான் சொன்னது 9.

"மாப்ள, நாலு தடவை நான் மாத்தவே இல்ல, நீங்க மாறிடுச்சுன்னு சொன்னீங்க" என்றார். இன்னும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

ஒரு நேர்மைக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் சார்ஜரைச் சொருகியதும் ஸ்பீக்கரில் 'கீ' என்று கேட்டால் அது கற்பனை இல்லை. பெரும்பாலும் எர்த் வழியாகச் சுற்றி வரும் மின்னோட்டம். பவர் சப்ளையை மாற்றினால் சில சமயம் அது நிற்கும்; 1983-ல் டோஷிபா கொண்டுவந்த ஆப்டிகல் கேபிளைப் போட்டாலும் நிற்கும், அதில் மின்சாரமே போகாது என்பதால். முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். செலவில்லாத சோதனை அதுதான்.

என் லீனியர் பவர் சப்ளை இப்போதும் மேஜையில்தான் இருக்கிறது. விற்க மனசு வரவில்லை. அது ஓடும்போது பாட்டு கொஞ்சம் தெளிவாகவே கேட்கிறது, மச்சான் பக்கத்தில் இல்லாத வரைக்கும்.