கொலையுண்டவரின் வாரிஸ்களும் குற்றவியல் சட்டமும்

மத்ரஸாவில் ஓதி ஆலிம் பட்டம் பெற்றபின் சட்டக் கல்லூரியில் சேரும் மாணவர்கள், குற்றவியல் சட்ட நூலைத் திறந்ததும் முற்றிலும் அந்நியமான ஒரு வீட்டிற்குள் நுழைந்ததைப்போல் உணர்வதாக நம்மிடம் கூறுவதுண்டு. அவர்களுக்கு நாம் முதலில் நினைவூட்டுவது, அவ்வீட்டின் வாசலில் இன்றும் கேட்கும் சில சொற்களை. வக்கீல், கைதி, ஜாமீன், ஆஜர், பைசல், போலீசார் சம்பவ இடத்தில் எழுதும் மகஜர் ஆகிய இவையனைத்தும் அரபியிலிருந்து ஃபார்ஸி வழியாகத் தமிழுக்கு வந்தவை. ஃபிக்ஹ் பாடத்தில் பொறுப்பேற்பவரைக் குறிக்கும் ‘ழாமின்’தான் நீதிமன்றத்து ஜாமீன். சொற்கள் தாமாக நடந்து வரவில்லை. ஒரு காலத்தில் இந்நாட்டின் பெரும்பகுதியில் குற்ற வழக்குகளை விசாரித்த சட்டம் ஹனஃபீ ஃபிக்ஹாகவே இருந்தது. அவை அதன் எச்சங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தின் வருவாய் நிர்வாகத்தைக் கைக்கொண்டபோதும் குற்றவியல் நீதியை உடனே மாற்றிவிடவில்லை. 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டத்தின்படி மாவட்டந்தோறும் சிவில் வழக்குகளுக்கு ஒரு திவானி அதாலத்தும், குற்ற வழக்குகளுக்கு ஒரு ஃபவுஜ்தாரி அதாலத்தும் அமைந்தன. பின்னதில் காஜியும் முஃப்தியும் மௌலவிகளும் அமர்ந்தனர். மேல்முறையீட்டுக்கு சதர் நிஜாமத் அதாலத் இருந்தது. கல்கத்தா மத்ரஸாவை ஹேஸ்டிங்ஸ் 1780-இல் நிறுவியதன் நோக்கங்களுள் ஒன்று, இத்தகைய நீதிமன்றங்களுக்குச் சட்டம் அறிந்த அலுவலர்களை உருவாக்குவது. இன்று நாம் சட்டக் கல்லூரி என்று அழைப்பதன் பணியை அன்று ஒரு மத்ரஸா செய்தது. ஹிதாயா அரபியிலிருந்து ஃபார்ஸிக்கும், ஃபார்ஸியிலிருந்து ஆங்கிலத்துக்கும் பெயர்க்கப்பட்டதும் இதே தேவைக்காகவே. சார்லஸ் ஹாமில்டனின் ஆங்கிலப் பெயர்ப்பு 1791-இல் வெளிவந்தது.

ஆயினும் இக்காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. அங்கு அமலில் இருந்தது ஷரீஅத் முழுமையும் அன்று. கம்பெனி தன் தேவைக்கேற்ப வெட்டியும் ஒட்டியும் வைத்த ஒரு பகுதி. 1772-இன் விதிகளிலேயே இதற்கொரு கொடிய சான்று உண்டு. கொள்ளைக்காரனை அவனது சொந்தக் கிராமத்தில் தூக்கிலிட்டு, அவன் குடும்பத்தாரை அரசின் அடிமைகளாக்கி, கிராமத்தாருக்கு அபராதமும் விதிக்கலாம் என்று ஹேஸ்டிங்ஸ் எழுதிவைத்தார். கொலை நிகழாத வழிப்பறிக்கு மரண தண்டனை விதிக்க ஃபிக்ஹில் இடமில்லை என்பதே முஸ்லிம் சட்ட அலுவலர்களின் நிலைப்பாடு. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்ற குர்ஆனியக் கொள்கையை (6:164) ஓதியவர்களால், கணவனின் குற்றத்துக்காக மனைவியையும் மக்களையும் அடிமையாக்குவதை எவ்வாறு ஏற்க இயலும்? ஷரீஅத் மிகவும் இளகியது என்று குறைகூறிய அதே ஆட்சிதான் இதைச் செய்தது என்பதை, அதன் கடுமையைப் பற்றி மட்டுமே கேட்டு வளர்ந்த இன்றைய வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

நாம் இங்குச் சற்று நின்று பேச விரும்புவது 1790-ஐப் பற்றி. அவ்வாண்டு காரன்வாலிஸ், நிஜாமத் அதாலத்தை முர்ஷிதாபாத்திலிருந்து மீண்டும் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து, கவர்னர் ஜெனரலையும் கவுன்சிலையும் அதன் தலைமையில் அமர்த்தினார். காஜியும் முஃப்திகளும் இனி ஃபத்வா மட்டுமே எழுதுவர். தண்டனை விதிப்பவர் ஆங்கிலேய நீதிபதி. அத்துடன் கொலைச் சட்டத்தில் இரு மாற்றங்கள் வந்தன.

முதலாவது, நோக்கத்தைப் பற்றியது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி, இரத்தம் சிந்தவைக்கும் கூரிய ஆயுதத்தால் கொல்வதே கிஸாஸுக்குரிய திட்டமிட்ட கொலை. கனத்த தடியால் அடித்துக் கொல்வதும் நீரில் மூழ்கடிப்பதும் ‘ஷிப்ஹுல் அம்த்’ என்னும் வகையில் சேரும். அதற்குப் பதில் உயிருக்கு உயிரன்று, தியத் என்னும் இழப்பீடு. மனத்தில் உள்ளதை எவரும் காண இயலாது. கையில் உள்ள ஆயுதமே அதன் அடையாளம் என்பதும், உயிரைப் பறிக்கும் தீர்ப்பில் ஐயத்துக்குச் சிறிதும் இடம் வைக்கலாகாது என்பதும் அவர்களது அணுகுமுறையின் அடிப்படை. அவர்களது மாணவர்களான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும், வழக்கமாக உயிரைப் போக்கும் எதைக்கொண்டு கொன்றாலும் அது திட்டமிட்ட கொலையே என்றனர். காரன்வாலிஸின் விதி இம்மாணவர்களின் கருத்தைத் தேர்ந்தெடுத்து, ஆயுதத்தைவிடக் கொலையாளியின் நோக்கமே அளவுகோல் என்று நிறுவியது. எனவே ‘ஷரீஅத்தில் நோக்கத்துக்கு இடமில்லை, ஆங்கிலேயரே அதைக் கொண்டுவந்தனர்’ என்று சில பாடநூல்கள் தரும் தோற்றம் சரியன்று. ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியதாக இருக்கும் ஒரு சமுதாயத்திடம் அவ்வாறு கூறுவது விந்தையும்கூட. நடந்தது, ஒரு மத்ஹபிற்குள்ளேயே இருந்த இரு கருத்துகளுள் ஒன்றை அரசாணை தேர்ந்தெடுத்தது என்பதே.

இரண்டாவது மாற்றம் இன்னும் ஆழமானது. குர்ஆன் (2:178) கொலையுண்டவரின் வாரிஸ்களுக்கு மூன்று வழிகளைத் திறந்துவைத்தது: கிஸாஸ் கோரலாம், இழப்பீடு பெறலாம், மன்னிக்கலாம். காரன்வாலிஸின் விதி, வாரிஸ்களின் மன்னிப்பு தண்டனையைத் தடுக்காது என்றது. 1792-இல், வாரிஸ்கள் வழக்குத் தொடர மறுத்தாலும் விசாரணை தொடரும் என்றும் ஆயிற்று. கொலை என்பது ஒரு குடும்பத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி என்ற நிலையிலிருந்து, அரசுக்கு எதிரான குற்றம் என்ற நிலைக்குச் சட்டம் நகர்ந்தது இங்கேதான். இன்று நீதிமன்றப் பதிவேட்டில் கொலை வழக்கின் ஒரு பக்கத்தில் ‘அரசு’ என்று எழுதப்பட்டிருப்பதையும், இறந்தவரின் தாயும் தந்தையும் சாட்சிகளாக மட்டுமே அழைக்கப்படுவதையும் காணும் மாணவர் அதன் வேரை இங்கே தேடட்டும்.

இம்மாற்றம் முழுதும் தீயது என நாம் கருதவில்லை. வலியவன் கொன்றுவிட்டு, ஏழைக் குடும்பத்தை அச்சுறுத்தி ‘மன்னிப்பு’ எழுதி வாங்குவது எளிது. கொன்றவனும் வாரிஸும் ஒரே குடும்பத்தாராக இருந்தாலோ கேட்கவே வேண்டியதில்லை. பாகிஸ்தான் 1990-இல் கிஸாஸ், தியத் விதிகளைத் தன் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தது. பெற்ற மகளைக் கொன்றவனை அவன் உறவினரே மன்னித்து விடுவிக்கும் வழியாக அது பயன்பட்டதால், 2016-இல் அங்கேயே திருத்தச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. மறுபுறம், வாரிஸ்களிடமிருந்து அதிகாரத்தை எடுத்த கம்பெனி அவர்களுக்கு அதற்கீடாக எதையும் தரவில்லை என்பதும் உண்மை. பிள்ளைகளுடன் தனித்து நின்ற விதவைக்குத் தியத் ஒரு பிடிமானமாக இருந்திருக்கும். கொலையாளி தூக்கிலேறுவதால் அவளது அடுப்பு எரியப்போவதில்லை.

ஏனைய மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1791-இல் உறுப்பு நீக்கும் தண்டனை சிறைவாசமாக மாறியது: ஓர் உறுப்புக்கு 7 ஆண்டு, இரண்டுக்கு 14 ஆண்டு. முஸ்லிம் அல்லாதோர் சாட்சியம் தொடர்பான தடையும் தளர்த்தப்பட்டது. சாட்சி முஸ்லிமாக இருந்திருந்தால் ஃபத்வா என்னவாக இருக்கும் என்று முஃப்தியிடம் கேட்டு, அதன்படி தீர்ப்பளித்தனர். பம்பாய் மாகாணம் 1827-இல் எல்ஃபின்ஸ்டனின் சட்டத் தொகுப்பால் முஸ்லிம் குற்றவியல் சட்டத்திலிருந்து விலகியது. வங்காளத்தில் 1832-இன் விதி, முஸ்லிம் அல்லாதோர் அச்சட்டத்தின்கீழ் விசாரிக்கப்படுவதிலிருந்து விலக்குப் பெற வழிசெய்தது.

நம் மதராஸ் மாகாணத்துக்கு இந்த ஏற்பாடு 1802-இல் வந்தது. சென்னையில் ஃபவுஜ்தாரி அதாலத் அமைந்தது. காஜியும் முஃப்திகளும் இங்கும் ஃபத்வா எழுதினர். நம் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்களோ பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். கனத்த பொருளால் கொல்வதும் திட்டமிட்ட கொலையே என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. தாம் ஓதாத மத்ஹபின் பெயரால் காயலாரும் கீழக்கரையாரும் தீர்ப்புப் பெற்றனர். அவர்களது அண்டை வீட்டு இந்துக்களும் அவ்வாறே.

1834 ஜூனில் மெக்காலே சென்னையில் கரையிறங்கி, உதகமண்டலத்தில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பென்டிங்கைக் காணச் சென்றார். அவர் தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் தண்டனைச் சட்ட வரைவை அளித்தது. அது இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடப்பில் கிடந்து, 1857-இன் எழுச்சிக்குப் பிறகு 1860 அக்டோபர் 6-இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது. 511 பிரிவுகள். 1864-இன் 11-ஆம் சட்டம் நீதிமன்றங்களிலிருந்து முஸ்லிம், இந்து சட்ட அலுவலர்களின் பதவிகளை நீக்கியது. காஜிகள் இல்லாமல் நிகாஹ் முதலியவற்றில் இடர்ப்பாடு எழவே 1880-இல் காஜிகள் சட்டம் பிறந்தது. அது முதலில் சென்னை மாகாணத்துக்கே பொருந்தியது. அச்சட்டம் காஜிக்கு எவ்வித நீதி அதிகாரமும் தராது என்று அதன் 4-ஆம் பிரிவு தெளிவாக்கியது. உயிர் வழக்கில் ஃபத்வா எழுதியவரின் பதவி, பதினாறு ஆண்டுகளுக்குள் நிகாஹ் பதிவேட்டோடு சுருங்கிற்று.

மெக்காலேயின் கல்விக் குறிப்பை நம்மவர் நன்கறிவர். அதற்கான கோபமும் நியாயமானதே. ஆனால் அவரது சட்ட வரைவைப் படிக்கும் ஆலிம், அதன் உதாரணங்களில் தமக்குப் பழக்கமான ஒரு முறையைக் காண்பார். 299-ஆம் பிரிவின் உதாரணம் ஒன்றில், புதருக்குப் பின்னால் ஒருவர் இருப்பதை அறிந்தவன், அதை அறியாத மற்றொருவனைத் தூண்டி அப்புதரை நோக்கிச் சுடவைக்கிறான். சுட்டவன் மேல் எக்குற்றமும் இல்லாதிருக்கலாம்; தூண்டியவன் மரணம் விளைவித்த குற்றவாளி. மற்றோர் உதாரணம், மரணம் விளைவிக்கும் எண்ணத்துடன் குழியைக் குச்சிகளாலும் புல்கரணைகளாலும் மூடிவைப்பவனைப் பற்றியது. பிறர் நிலத்தில் கிணறு தோண்டியதால் ஒருவர் விழுந்து இறந்தால் தோண்டியவரின் பொறுப்பு என்ன என்று ஹிதாயாவில் ஓதியவருக்கு இது புதிதன்று. ஒன்று மற்றொன்றிலிருந்து எடுக்கப்பட்டது என நாம் வாதிடவில்லை. மனித உயிர் போனபின் எழும் கேள்விகள் எந்நாட்டிலும் ஒன்றே. விடைகள் பிரிவதையும் சேர்வதையும் ஒப்பிட்டுப் படிப்பதே சட்டக் கல்வி.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, 358 பிரிவுகளுடன், நடைமுறையில் உள்ளது. கொலைக்குரிய தண்டனை 302-இலிருந்து 103-க்கும், ஏமாற்றுதல் 420-இலிருந்து 318-க்கும் நகர்ந்துவிட்டன. அத்தேதிக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்துவதால் மாணவர்கள் இரண்டையும் படித்தாகவேண்டும். செய்த காலத்தில் சட்டம் குற்றமென்று கூறாத செயலுக்குத் தண்டனை இல்லை என்பது அரசியலமைப்பின் 20(1) பிரிவு. தூதரை அனுப்பாமல் வேதனை செய்வதில்லை என்ற இறைவசனத்திலிருந்து (17:15) நம் உஸூல் அறிஞர்களும் இதையொத்த விதியை எடுத்துரைத்தனர்.

பட்டப்படிப்புக்குச் செல்லாத இமாம்களும் ஜமாஅத் பொறுப்பாளர்களும் இதையெல்லாம் ஏன் அறியவேண்டும் என்று கேட்கப்படலாம். ஊரில் அடிதடி நடந்து ஓர் உயிர் போனால், இரு குடும்பத்தாரும் முதலில் ஏறும் படி பெரும்பாலும் பள்ளிவாசலின் படியே. ‘தியத் மார்க்கத்தில் உள்ளதுதானே, ஒரு தொகை கொடுத்து முடித்துவிடலாம்’ என்று நல்லெண்ணத்துடன் சொல்வோர் அங்கிருப்பர். சட்டத்தின் பார்வையில் கொலை சமரசத்துக்குரிய குற்றமன்று. அத்தகைய குற்றத்தில் குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காப்பதற்காகப் பணம் பெறுவதும் கொடுப்பதும் தனிக் குற்றங்கள். பழைய சட்டத்தில் 213, 214-ஆம் பிரிவுகளில் இருந்த அவை புதிய சட்டத்திலும் தொடர்கின்றன. சமரசத்தின் பேரில் வழக்கை நீக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆயினும் கொலை போன்ற கொடுங்குற்றங்களில் அதைப் பயன்படுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் கியான் சிங் வழக்கில் கூறியுள்ளது. சாதாரணக் காயம் போன்றவற்றில் நிலை வேறு. அங்கே பாதிக்கப்பட்டவர் சட்டப்படியே சமரசம் செய்துகொள்ளலாம். ஜமாஅத்தின் சமரச முயற்சிக்கு உரிய களமும் அதுவே.

சாலை விபத்தில் அலட்சியத்தால் நேரும் மரணத்தில் குழப்பம் இன்னும் மிகுதி. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் குடும்பத்தார் பெறும் இழப்பீடு வேறு. ஓட்டுநர் மீதான குற்ற வழக்கு வேறு. முன்பு 304-ஏ, இப்போது 106-ஆம் பிரிவு. ஒன்று முடிந்ததால் மற்றொன்று முடியாது. தவறுதலாகக் கொன்றவர் மீது தியத்தும் கஃப்பாராவும் விதிக்கும் வசனத்தை (4:92) ஓதிக்காட்டும் இமாம், நீதிமன்றத்தில் அவ்விரு வழிகளும் தனித்தனியே செல்வதையும் அக்குடும்பத்துக்கு எடுத்துரைத்தால் பேருதவியாகும்.

வாரிஸ்கள் 1790-இல் இழந்ததில் ஒரு சிறு பங்கு, 2008-இன் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஏ பிரிவாகத் திரும்பி வந்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் அவர்களைச் சார்ந்து வாழ்ந்தோருக்கும் மாநில அரசு இழப்பீட்டுத் திட்டம் வகுக்கவேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். குற்றவாளி யாரென்றே கண்டறியப்படாத போதும் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் தானாகப் பரிந்துரைக்காவிடினும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். அதன் அலுவலகம் வழக்கமாக மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். புதிய நடைமுறைச் சட்டத்தில் இது 396-ஆம் பிரிவு. ஜனாஸா தொழுகை முடிந்து, இத்தா இருக்கும் பெண்ணின் பிள்ளைகள் அடுத்து என்ன செய்வது என்று கேட்டு வரும்போது, இமாம் தம் கையால் எழுதிக்கொடுக்க வேண்டிய விண்ணப்பம் இதுவே.