விருத்தாசலத்துக் கடலும் விரியும் பூமியும்

பூமி விரிகிறது என்னும் சித்தாந்தத்தை ஆராய்வோர் பெரும்பாலும் டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் வாரன் கேரியையே முன்னிறுத்தி, அவரை மறுத்தவுடன் வாதம் முடிந்ததாகக் கொள்கின்றனர். ஆயினும் அச்சித்தாந்தத்தின் உறுதியான கிளை, ஹங்கேரிய அறிஞர் லாஸ்லோ எட்யெட் 1956-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கட்டுரையில் இருக்கிறது. கண்டங்களின் விளிம்புகளைப் பொருத்திக் காட்டும் கேரியின் வழியை நாடாமல், கண்டங்களின் மேல் பண்டைச் சமுத்திரங்கள் பரவியிருந்த விஸ்தீரணத்தைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணிக்க அவர் முயன்றமையால், கடலூர், சிதம்பரம் பகுதிகளின் பாறைகளை வைத்து அவருடைய பிரமாணத்தைச் சோதிக்க நமக்கு இடம் ஏற்படுகிறது.

எட்யெட்டின் தர்க்கம் எளியது. பூமியின் மேலுள்ள நீரின் மொத்த அளவு குறையவில்லை. ஆனால் தெர்மியே தம்பதியரும் ஸ்ட்ராகவும் வரைந்த தொல்புவியியல் படங்களில், யுகந்தோறும் கண்டங்களின் மேல் கடல் மூடிய பரப்புச் சுருங்கி வருகிறது. எனவே அந்நீரை ஏற்கும் சமுத்திரப் படுகை அகன்றிருக்க வேண்டும், பூமியின் ஆரமும் ஆண்டுக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் வளர்ந்திருக்க வேண்டும். பூமியின் உட்கருவில் பேரழுத்தத்தால் செறிந்த பொருள் அடர்த்தி குறைந்த நிலைக்கு மெல்ல மாறுவதே இதற்குக் காரணம் என்பது அவர் அனுமானம். இக்காரணத்தை இங்கு நான் விசாரிக்கப் போவதில்லை. என் ஐயமெல்லாம் அவர் கையாண்ட அளவுகோலைப் பற்றியது.

அப்படங்கள் எத்தகைய காலநிர்ணயத்தின் மேல் நிற்பவை என்பதற்கு நம் பகுதியிலேயே ஓர் உதாரணம் உண்டு. கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய புதைபடிவங்களை ஆராய்ந்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ், 1846-இல், புதுச்சேரிப் படுகைகள் கிரிட்டேசியஸ் காலத்தின் அடிப்பகுதியைச் சேர்ந்தவை என்றும், விருத்தாசலமும் திருச்சிராப்பள்ளியும் அவற்றுக்குப் பிற்பட்டவை என்றும் முடிவு செய்தார். 1862-இல் எச். எஃப். பிளான்ஃபோர்ட் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளை வகுத்து, விருத்தாசலத்தை அவற்றுள் இளையதாகிய அரியலூர்த் தொகுதியில் வைத்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் ஃபிரான்ஸ் கோஸ்மாட், புதுச்சேரியின் வழுதாவூர்ப் படுகைகளும் மேல் கிரிட்டேசியஸைச் சேர்ந்தவையே என்று காட்டினார். இரு நிர்ணயங்களுக்கும் இடையே, இன்றைய கணக்கின்படி, ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளேனும் உண்டு. எட்யெட்டின் வீதப்படி அது ஆரத்தில் 20 கிலோமீட்டருக்குச் சமம். திசையும் மாறிவிடுகிறது: ஃபோர்ப்ஸின் வரிசையில் கடல் புதுச்சேரியில் தொடங்கித் தெற்கே பரவியது, கோஸ்மாட்டின் வரிசையில் ஊட்டத்தூரில் முதலில் புகுந்து, வடக்கே பிறகு வந்தது. எட்யெட் எழுதிய காலத்தில் இப்பிழை திருத்தப்பட்டிருந்தது என்பது மெய்யே. ஆயினும் இத்தகைய திருத்தம் பெறாத கடற்கரைகள் அப்படங்களில் எத்தனையோ இருந்திருக்கக் கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.

இதனினும் பெரிய குறை வேறொன்று. பிளான்ஃபோர்டின் முதலிரு தொகுதிகளுக்கிடையே படிவு அறுந்த இடைவெளி உண்டு. கடல் வந்து, விலகி, மீண்டும் வந்திருக்கிறது. ஒரு நீண்ட யுகத்தின் கடல்களையெல்லாம் ஒரே படத்தில் அடக்கினால், வெவ்வேறு காலத்துப் பரப்புகள் கூடி, எக்காலத்திலும் இல்லாத ஒரு பெருங்கடல் தோன்றும். படங்களின் கால அலகு தொன்மையில் நீண்டும் அண்மையில் குறுகியும் இருக்குமாயின், பரப்புச் சுருங்குவதாகக் காணும் தோற்றத்தின் ஒரு பகுதியேனும் அந்த அலகின் விளைவே ஆகும்.

மேலும், கடல் ஏறுவதற்கு நீர் உயர வேண்டியதில்லை. நிலம் தாழ்ந்தாலும் போதும். விருத்தாசலத்தருகே தரையில் வெளிப்படும் கிரிட்டேசியஸ் பாறைகள் கிழக்கே செல்லச் செல்ல ஆழத்தில் புதைகின்றன. சிதம்பரத்துக்கு அருகிலுள்ள புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயர்களைத் தாங்கிய மணற்கல்லும் களிப்பாறையும், காவிரிப் படுகையில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது அறியப்பட்ட அக்காலத்துப் படிவங்களே. எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் அமைந்ததே 1956-இல் ஆதலின் எட்யெட் இவற்றை அறிந்திருக்க வழியில்லை. இந்தியா பிற கோண்டுவானாக் கண்டங்களிலிருந்து பிரிந்தபோது இப்படுகை பிளந்து தாழ்ந்தது; இங்கே கடல் புகுந்ததற்கு அதுவே போதிய காரணம்.

கடல் எப்போது இக்கரையை விட்டு விலகியது என்பதும் துணியப்படவில்லை. கேப்பர் மலையில் காணும் கடலூர் மணற்கல்லையும், அத்தொகுதியோடு சேர்த்தெண்ணப்படும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் மயோசீன் என்பர் பலர். நிலக்கரியின் மகரந்தச் சான்றால் அது இன்னும் தொன்மையானது என்பாரும் உளர். கடல் விலகிய காலமும் அதற்கேற்ப மாறும்.

ஒரு கடற்கரை உலகச் சராசரியைப் பொய்யாக்காது என்னும் ஆட்சேபம் நியாயமானது. அளவுகோல் பிழையுடையது என்பதற்கு மட்டுமே இது சான்று. ஆரத்தைப் பற்றிய தீர்ப்பு வேறிடத்திலிருந்து வருகிறது. 1978-இல் மக்எல்ஹின்னி, டெய்லர், ஸ்டீவன்சன் மூவரும் பாறைக் காந்தத்தைக் கொண்டு, 40 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆரம் இன்றையதில் 102 சதவீதம், கூடுதல் குறைவு 2.8 என்று கணித்தனர். கேரி வேண்டிய பெருவிரிவு இதனால் அறவே விலகுகிறது. எட்யெட்டின் வீதப்படி வரும் 97 சதவீதமோ அவ்வெல்லைக்குச் சற்று வெளியில்தான் நிற்கிறது. 2011-இல் செயற்கைக்கோள் முதலிய அளவைகள், ஆரத்தின் மாற்றம் ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டர் என்னும் பிழையெல்லைக்குள் பூஜ்யமே என்று காட்டின. இன்றைய வீதம் பண்டைய வீதத்தைக் கட்டுப்படுத்தாது என்று ஒருவர் வாதிக்கலாம். ஆனால் அதற்குரிய பிரமாணத்தைக் கடற்பரப்புப் படங்களிலிருந்து இனி அவர் பெற முடியாது.